பழைய வினாத்தாளில் நூற்றுக்கு நூறு



போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், எண்ணெய்த் துறையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சொன்னார்: "சார், மீத்தேன் கிணறு எவ்வளவு வாயு தரும், எவ்வளவு தண்ணி இறைக்கணும்னு கம்ப்யூட்டர் மாதிரியே சொல்லிடும். பழைய உற்பத்திக் கணக்கோட அப்படியே பொருந்துது. விவரம் தெரியாமத்தான் மன்னார்குடியில எதிர்த்தாங்க." பந்தியில் வாதாட மனமில்லை. இங்கே சொல்கிறேன்.

மீத்தேன் நிலக்கரியின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கிறது. நீரின் அழுத்தம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு விடுபடும். அதனால் கிணறு முதலில் தண்ணீரைத்தான் அதிகம் தரும். வாயு மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும்.

நிலக்கரியில் எவ்வளவு வாயு உண்டு, வெடிப்புகள் வழியே அது எவ்வளவு எளிதாக நகரும், அக்கம்பக்கத்திலிருந்து எவ்வளவு நீர் வந்து சேரும்? இந்த எண்களை, நடந்து முடிந்த கணக்கோடு ஒத்துவரும் வரை மாற்றிக்கொண்டே போகிறார்கள். இதற்குப் பெயர்தான் மாதிரியைப் பொருத்துவது.

மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்று கேட்கிறேன். கூட்டினால் பத்து வரும் மூன்று எண்கள் எவை? எத்தனை விடை வேண்டும்? அதுபோல வெவ்வேறு எண்கள் ஒரே பழைய கணக்கைத் தரும். பத்து ஆண்டு கழித்து வரும் வாயுவும் நீரும் மட்டும் வெவ்வேறாக இருக்கும். தண்ணீர் மட்டுமே வந்த தொடக்க மாதங்களை வைத்துப் பொருத்தினால் இன்னும் மோசம்.

நிலக்கரியும் சும்மா இருப்பதில்லை. அழுத்தம் குறையும்போது வெடிப்புகள் நெருங்கும். வாயு வெளியேறும்போது நிலக்கரி சுருங்கி வெடிப்புகள் விரியும். எது மிஞ்சும் என்பது ஊருக்கு ஊர் மாறும். மேற்கு வங்க ராணிகஞ்ச் நிலக்கரிக்குப் பொருந்திய எண்கள் மன்னார்குடியின் பழுப்பு நிலக்கரிக்கு எப்படிப் பொருந்தும்?

மாதிரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்தவனுக்கு நூறு மதிப்பெண் போட மாட்டேன், அவ்வளவுதான். கடைசி ஓராண்டுக் கணக்கை மறைத்துவைத்து, மாதிரி அதைச் சரியாகச் சொல்கிறதா பாருங்கள். ஒற்றை எண்ணைச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று சொல்லுங்கள். பக்கத்து விவசாயியின் ஆழ்துளைக் கிணற்று நீர்மட்டத்தையும் கணக்கில் சேருங்கள்.

கணிப்பு தவறினால் நிறுவனத்துக்கு நட்டம் ஒரு வரி. இறங்கிய நிலத்தடி நீர், டெல்டா விவசாயிக்கு வாழ்க்கை. 2010-ல் மன்னார்குடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டமே வந்தது. எதிர்த்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல, தம்பி. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள்.

கோபம் வேண்டாம். பதில் இருந்தால் கீழே எழுது. சரியாக இருந்தால் எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்