விலக்குப் பட்டியலில் உயர் ஆராய்ச்சி

தருவைகுளம் பகுதியில் உப்பளக் கூலியில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தலித் குடும்பங்கள் உண்டு. இயற்பியல் எடுத்த பிள்ளைக்கு பி.எட்., காவலர் தேர்வு என்று வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள். துகள் இயற்பியல் ஆராய்ச்சி என்றொரு வாழ்க்கை இருப்பதாகச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த வழியில் போனவர் நம் பக்கத்து மாவட்டத்துக்காரர். கமுதியில் 1936இல் பிறந்த ஜி. ராஜசேகரன், 1957இல் அணுசக்தித் துறை மும்பையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் முதல் அணியில் சேர்ந்தார். சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகம், தரமணி கணித அறிவியல் நிறுவனம் ஆகியவற்றில் இருந்து, புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளை ஆராய்ந்தார். 2023இல் மறைந்தார்.

கோட்பாட்டு இயற்பியலுக்குத் தாளும் பேனாவும் போதும். ஆனால் பல ஆண்டுப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்கான வாசல்கள் பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்களில்தான் இருக்கின்றன.

அங்கேதான் நம் கேள்வி. மத்தியக் கல்வி நிறுவனச் சேர்க்கையில் இடஒதுக்கீடு தரும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அதற்கான அட்டவணையில் டாடா நிறுவனமும் தரமணி நிறுவனமும் உள்ளன. கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனமும் உள்ளது. அதை நிறுவிய மேகநாத் சாகா, மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் தனியே உட்கார்ந்து சாப்பிட வைக்கப்பட்டவர். அவர் பெயர் தாங்கிய நிறுவனத்துக்கே சமூக நீதிச் சட்டத்திலிருந்து விலக்கு!

தரம் கெடும் என்பதுதான் விலக்குக்குச் சொல்லப்படும் நியாயம். சாகாவைத் தனியே உட்கார வைத்தவர்களும் தங்களைத் தரமானவர்கள் என்றே நினைத்திருப்பார்கள். 1920இல் விண்மீன்களின் வெப்பத்தை அறிய உலகுக்குச் சமன்பாடு தந்தவர் சாகாதான்.

அந்த அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. மத்திய அரசின் அரசிதழ் அறிவிக்கையே போதும் என்று அதே பிரிவு சொல்கிறது. நம் மக்களவை உறுப்பினர்களிடம் இதைக் கேட்போம்.

மாணவர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த நிறுவனங்களில் முனைவர் ஆய்வில் சேர ஆண்டுதோறும் 'ஜெஸ்ட்' தேர்வு நடக்கிறது. 'நெட்' தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இளநிலைப் பட்டத்தின் முதலாண்டிலேயே இந்தத் தேர்வுகளுக்குத் தயாராகத் தொடங்குங்கள். உப்பளத்துப் பிள்ளைக்கு உயர் கணிதம் வராது என்பது சாதி சொல்லும் பொய்.