சாட்சிக்கு யார் வருவா?

போன டிசம்பரில் ஒரு நாள் காலை, டொராண்டோவில் பனி வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் அல்சூரிலிருந்து கூப்பிட்டாள். "மாமா, சோமேஸ்வரா கோயில்ல கல்யாணமே பண்ணி வைக்கறதில்லையாம். பேப்பர்ல போட்டிருக்கான். எல்லாம் போச்சு" என்றாள். அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று தெரியாத குரல்.

நானும் கோபப்பட்டேன். எங்க அக்கா கல்யாணமே அந்தக் கோயிலில்தான் நடந்தது. (ஒரு சின்ன கொசுவத்தி: பட்டுப் பாவாடைக் கூட்டம், ஒரு ஓரமாக ரவா கேசரி அண்டா, தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர் லைட் வயரை யாரோ மிதித்து எல்லாம் இருட்டானது.) அந்தக் கோயிலைச் சோழர் கட்டியது என்பார் சிலர், கெம்பே கவுடர் காலத்துக் கதையைச் சொல்வார் சிலர். இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பகுதி விஜயநகரத்துக் கைவண்ணம். அங்கே இருக்கும் சிற்பங்களில் கிரிஜா கல்யாணமும் ஒன்று. கல்லிலே பார்வதிக்கும் சிவனுக்கும் கல்யாணம் நடந்துகொண்டே இருக்கிற இடத்தில் நம்ம பெண்ணுக்கு மட்டும் இல்லையா என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம் செய்தியை முழுசாகப் படித்தேன். விஷயம் இதுதான். கோயில் கல்யாணத்தை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகிவிட்டதாம். தன் கல்யாணத்துக்கு மறுத்துவிட்டார்கள் என்று ஒருவர் முதலமைச்சர் அலுவலகத்துக்கே புகார் எழுத, கோயில் தரப்பு விளக்கம் சொல்ல, அதனால்தான் 2025 டிசம்பரில் விஷயம் பேப்பருக்கு வந்தது. காரணம், கல்யாணம் பண்ணி வைத்த அர்ச்சகர்கள் விவாகரத்து வழக்குகளில் சாட்சியாக கோர்ட்டுக்கு அலையவேண்டி வந்தது. வீட்டை விட்டு ஓடிவந்த ஜோடிகள் போலித் தாள்களைக் காட்டித் தாலி கட்டிக்கொண்டு போவதும், சில நாளில் பெற்றவர்கள் கோயில் வாசலில் வந்து நிற்பதும் இன்னொரு காரணம்.

படித்து முடித்ததும் எனக்குக் கோபம் போய் வேறொன்று வந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

பல வருஷம் முன்னால், நான் பெங்களூரில் வேலை பார்த்தபோது, என் அறை நண்பன் ஒருவன் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம் பண்ணிக்கொண்டான். (எந்த ஊர், எந்தக் கோயில் என்பதெல்லாம் வேண்டாம்.) இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. மாலை வாங்கியது நான், தாலிக்கு மஞ்சள் கயிறு வாங்கியது நான், கோயில் ரெஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான். அன்றைக்கு அது பெரிய வீரமாகத் தெரிந்தது. ஏழு வருஷம் கழித்து ஒரு வக்கீல் எனக்கு போன் செய்தார். நண்பன் கோர்ட்டில், "அது கல்யாணமே இல்லை, சும்மா கோயிலுக்குப் போய் மாலை மாற்றி போட்டோ எடுத்தோம்" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நடந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். நீங்கள் வருவீர்களா என்று கேட்டார்.

ப்ராஜெக்ட் டெட்லைன், லீவு கிடைக்காது என்றேன். நொண்டிச் சாக்கு. அவன் என் நண்பன், அவள் பக்கம் போய் நின்றால் நட்பு என்னாவது என்ற பயம், அவ்வளவுதான். நான் போகவில்லை. அந்தக் கோயில் அர்ச்சகர் போனார். எழுபதைத் தாண்டியவர், பஸ் பிடித்து, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை போனாராம். முதல் இரண்டு தடவை வாய்தா. அந்தப் பெண்ணின் தம்பி பின்னால் என்னிடம் இதைச் சொன்னபோது அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால், அல்சூர் கோயில் செய்தது சரி என்பதுதான் என் கட்சி. அர்ச்சகர் வேலை பூஜை செய்வது. வந்தவர்களின் தாள் போலியா நிஜமா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, பெண்ணுக்குப் பதினெட்டு ஆயிற்றா, பையனுக்கு இருபத்தொன்று ஆயிற்றா என்று துப்பறிவது அவர் வேலை இல்லை. நம்ம கல்யாணத்துக்கு நாம் நிற்காமல் அவரை நிற்கவைத்தோம். அவர் களைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

ஆனால் இதில் நஷ்டம் யாருக்கு என்பதையும் சொல்லவேண்டும். டாலர் சம்பளக்காரனுக்கு நஷ்டமில்லை. அவன் மண்டபம் பிடிப்பான், ரிசார்ட் பிடிப்பான். அல்சூரில் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குக் கோயில்தான் மண்டபம். சாதி மாறிக் காதலித்துப் பயந்து வருகிற பிள்ளைகளுக்கும் கோயில்தான் புகலிடம். 1954-ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் போகலாமே என்றால், அதில் 30 நாள் நோட்டீஸ். அதை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைப்பார்கள். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் பெயரைச் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும்? அந்த நோட்டீஸை எடுக்கவேண்டும். அது எடுக்கப்படும்வரை இப்படிக் கதவு சாத்தும் ஒவ்வொரு கோயிலும் சிலருக்கு உயிர் விஷயம்தான். கோயில்கள் ஒன்று செய்யலாம்: சட்டப்படி முன்பே கல்யாணம் முடிந்த ஜோடிக்கு மட்டும் சாமி முன்னால் மாலை மாற்ற இடம் கொடுக்கலாம். அதில் அர்ச்சகர் சாட்சி இல்லை, ஆசீர்வாதம் மட்டும்.

சரி, நம்ம மணப்பெண்ணுக்கு வருவோம். அவள் எனக்கு ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருந்தாள். அறுபத்துநான்கு வரி. மெஹந்தி, ட்ரோன், மேக்கப் ட்ரையல், சங்கீத்துக்கு ஸ்பீக்கர் (நம்ம வீட்டில் சங்கீத் எப்போது வந்தது என்று தங்கமணியைக் கேட்டேன், முறைத்தார்), சிக்பேட்டையில் முகூர்த்தப் புடவை, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வளையல், கே.ஆர். மார்க்கெட்டில் பூ. அருமையாகப் போட்டிருந்தாள். சாட்சி என்று ஒரு வரி இல்லை. பதிவு என்பது அறுபத்துமூன்றாவது வரி, "லேட்டர்" என்ற குறிப்புடன்.

வெளிநாட்டில் இருக்கும் நம்ம குடும்பங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர், அதிலும் ஆபத்து இருக்கிறது. விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று முதலில் பதிவு பண்ணிவிடுகிறோம், சடங்கு ஆறு மாசம் கழித்து. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இரண்டு விமானிகள், சடங்கு எதுவும் நடக்காமலே ஓர் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதை வைத்துப் பதிவும் செய்துவிட்டார்கள். கடைசியில் அது கல்யாணமே இல்லை என்று நீதிமன்றம் அறிவித்தது. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி இருவரில் ஒருவரின் வழக்கப்படியாவது சடங்கு நடந்திருக்கவேண்டும். பதிவு என்பது நடந்த கல்யாணத்துக்கு அத்தாட்சி, பதிவே கல்யாணம் ஆகிவிடாது. முதலில் தாள்தான் வேண்டும் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் போங்கள். அங்கே அதிகாரி முன்னால் மூன்று சாட்சிகளோடு செய்வதே கல்யாணம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கவேண்டும், பிறகு நோட்டீஸ் 30 நாள். மூன்று வார லீவில் வருகிற மாப்பிள்ளைகள் இந்தக் கணக்கை டிக்கெட் போடுவதற்கு முன்னால் போடவும்.

சுயமரியாதைக் கல்யாணம் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த 7-ஏ பிரிவு தமிழ்நாடு செய்த திருத்தம். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கமும் திருவள்ளுவர் சிலையும் இருக்கிறதே என்று அங்கே புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டால் அந்தத் திருத்தம் ஓசூரைத் தாண்டி உங்களோடு வராது. ஒன்று ஓசூரிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளுங்கள், இல்லை சிறப்புத் திருமணச் சட்டம்.

முகூர்த்த நாள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் அடிவாங்காத வெளிநாட்டுக் குடும்பம் கிடையாது. நமக்கு லீவு கிடைப்பது கிறிஸ்துமஸை ஒட்டி. அது மார்கழி, முகூர்த்தம் இல்லை. குழந்தைகள் லீவு ஜூலை ஆகஸ்டில், அது ஆடி. பெங்களூரில் இன்னொன்றும் சேரும். எங்க மாப்பிள்ளை வீடு மைசூர்ப் பக்கம், அவர்களுக்கு ஆஷாடம் ஆகாது. ஆஷாடமும் ஆடியும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது சந்திர மாதம், அமாவாசையிலிருந்து அமாவாசை, வருஷத்துக்கு வருஷம் நகரும். நம்முடையது சூரியக் கணக்கு, ஜூலை நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவில் முடியும். சில வருஷம் இரண்டும் சேர்ந்து ஒன்றரை மாசத்துக்கு மேல் விழுங்கிவிடும். கடைசியில் ஆவணியில் வைத்தோம். பெரியவனுக்குப் பள்ளி ஆரம்பம், ஒரு வாரம் போகட்டும் என்று தங்கமணி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போட்டோக்காரரைப் பற்றி அவளிடம் ஒன்று சொன்னேன். ட்ரோன் இருக்கட்டும், ஆனால் தாரை வார்ப்பது, தாலி கட்டுவது, ஏழடி வைப்பது மூன்றும் பெற்றவர்கள் முகம் தெரிய, வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோவில் இருக்கவேண்டும். இப்போதெல்லாம் பாட்டுப் போட்டு மூன்று நிமிஷ சினிமாவாக வெட்டிக் கொடுக்கிறார்கள். அந்த வெட்டாத ஃபைலைக் கேட்டு வாங்கி, இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பிரதி வை. பத்திரிகை நான்கு, மண்டப ரசீது, புரோகிதர் பெயர், எல்லாம் ஒரு கவரில். "மாமா, கல்யாணத்துக்கு முன்னாலேயே டைவர்ஸுக்கு ரெடி பண்றீங்களா?" என்று சிரித்தாள். இல்லைம்மா என்றேன். தாத்தா நிலப் பத்திரத்தைப் பீரோவில் வைத்திருந்தது நிலத்தை விற்பதற்காகவா?

அதோடு விடவில்லை அவள். "சரி, சாட்சிக்கு யார் வருவா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் என்று முடிவாகியிருந்தது. அவளுடைய தோழி ஒருத்தி. மூன்றாவது இடம் காலி. நான் அந்த நண்பன் கதையை அவளிடம் சொன்னேன். வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை, தங்கமணிக்குக்கூட. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "நாளைக்கு ஏதாவது ஆனா, கூப்பிட்டா வருவீங்களா மாமா?" என்றாள். டிக்கெட் என்ன விலை விற்றாலும் வருவேன் என்றேன். "அவர் பக்கம் நியாயம் இருந்தா, அவருக்காகவும் வரணும்" என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை. வருவேன் என்றேன்.

இப்போது திட்டம் இப்படி: பதிவாளர் அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டப்படி முதலில் கல்யாணம், மறுநாள் மண்டபத்தில் நம்ம முறைப்படி தாலி, அன்று மாலை சோமேஸ்வராவில் ஒரு அர்ச்சனை மட்டும். எக்ஸெல் ஷீட் திருத்தி வந்திருக்கிறது. முதல் வரி சாட்சி. மூன்றாவது பெயர் என்னுடையது, பக்கத்தில் சிவப்பில் "பாஸ்போர்ட் காப்பி வரவில்லை" என்று போட்டிருந்தாள். நேற்று ராத்திரி ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டேன்.