நுண்ணோக்கி: பிள்ளைக்கு விளையாட்டு, வயலுக்குக் காவல்

கேள்வி: ‘‘அரை ஏக்கரில் மிளகாயும் கால் ஏக்கரில் நிலக்கடலையும் போட்டிருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் மைக்ராஸ்கோப் வேண்டும் என்கிறாள். கடையில் ‘1,200 மடங்கு’ என்று எழுதிய பெட்டி இருக்கிறது. வாங்கலாமா? வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?’’
- வாசகி, மறைமலை நகர்.

பதில்: அவசியம் பழக்குங்கள். ஆனால், பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். விலை மலிவான பிளாஸ்டிக் கருவிகளில் மடங்கு கூடக்கூட உருவம் மங்கிவிடும். இரண்டே நாளில் பிள்ளைக்குச் சலித்து, கருவி பரணுக்குப் போய்விடும். முதலில் 10 மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். லென்ஸைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, இலையை லென்ஸுக்கு ஓர் அங்குலம் வரை கொண்டுவர வேண்டும். பழக ஒரு நாள் போதும்.

முதல் பாடம் உங்கள் மிளகாயிலேயே இருக்கிறது. இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டிருந்தால் முரணை என்கிற மஞ்சள் சிலந்தி. வெள்ளை ஈ பரப்பும் வைரஸாலும் இலை சுருளும். கொழுந்து இலையின் அடிப்பக்கத்தை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்து நீண்டு, விறுவிறுவென ஓடினால் இலைப்பேன். ஊசிமுனை அளவில் பளபளக்கும் புள்ளிகள் நகர்ந்தால் முரணை. இலைப்பேன் ஆறு கால் பூச்சி. முரணை எட்டுக்கால் சிலந்தி இனம். பல பூச்சிக்கொல்லிகளுக்கு அது மசியாது; நனையும் கந்தகம் போன்ற சிலந்திக்கொல்லிதான் தேவை. பார்க்காமல் அடிக்கும் மருந்து பணத்தைக் கரைப்பதோடு, முரணையைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்களையும் கொன்றுவிடும்.

அடுத்து, ஒரு நிலக்கடலைச் செடியை வேரோடு எடுத்து, வேர் முடிச்சை நறுக்கிப் பார்க்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் நுண்ணுயிர் தழைச்சத்தைச் சேர்த்துக் கொண்டிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் பழகிய பிறகு நுண்ணோக்கிக்குப் போகலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் இந்திய விஞ்ஞானி மனு பிரகாஷ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ‘ஃபோல்டுஸ்கோப்’ என்ற காகித நுண்ணோக்கி பிள்ளைகளுக்கு ஏற்றது. மடித்துச் செய்யும் இது சுமார் 140 மடங்கு காட்டும். ஒற்றை லென்ஸ்தானே என்று நினைக்க வேண்டாம். ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக், மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். 1676-ல் அந்த நீரில் அவர் பாக்டீரியாக்களைக் கண்டதும் தானே செய்த ஒற்றை லென்ஸ் கருவியில்தான்.

வெங்காயச் செதிலின் உட்பக்கத்தில் உள்ள மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் சுருக்கமில்லாமல் விரித்துவைத்தால், செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரியும். அசோலா இலையை ஒரு சொட்டு நீரில் நசுக்கிப் பார்த்தால், மணி கோத்ததுபோல் நீலப்பச்சைப்பாசி தெரியும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பது அதுதான்.

மூன்று எச்சரிக்கைகள்: லென்ஸையோ நுண்ணோக்கியையோ சூரியனுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது, கண் பார்வையே போய்விடும். மருந்து அடித்த வயலிலிருந்து இலை பறிக்க வேண்டாம். மெல்லிய கண்ணாடித் தகடு கையைக் கிழிக்கும்; சிறுவர்கள் பெரியவர் துணையோடு கையாள வேண்டும்.

ஒரு நோட்டில் தேதி, பயிர், இலையின் எந்தப் பக்கம், கண்டது என்ன என்று எழுதி, படமும் வரையச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை பத்துச் செடிகள் போதும். சந்தேகம் வந்தால், அந்த நோட்டையும் இலையையும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊருக்கு அருகிலேயே காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். மருந்துக் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.