குளிர்ந்துபோன எஞ்சின்களும் ஒரு சிமுலேட்டரும்

அருங்காட்சியகத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்ற கேள்வி இலக்கிய நண்பர்களிடமிருந்தே வருவதுதான் வியப்பு. ரயில் சிமுலேட்டர் என்றாலே அவர்களுக்குப் பொருட்காட்சி ராட்டினம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அசல் பொருள் போதுமாம்.

அந்த அசல் பொருளைத்தான் சற்று அருகில் போய்ப் பார்ப்போமே. டில்லி சாணக்கியபுரியில் 1977இலும் சென்னையில் ஐ.சி.எஃப். சார்பில் 2002இலும் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகங்களில் பழைய எஞ்சின்கள் நிற்கின்றன. புதுவண்ணம் பூசி, நெருப்பும் நீரும் இன்றி. அதன்மேல் நின்று வேலைசெய்தவன் என்ன செய்தான் என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லாது. ஃபயர்மேன் கரியை வெறுமனே அள்ளிக் கொட்டுவதில்லை. நெருப்பறை முழுவதும் மெல்லிய படுகையாகப் பரவும்படி வீச வேண்டும். ஏற்றம் வருவதற்கு முன்பே நெருப்பைத் தயார்செய்ய வேண்டும், ஏறத் தொடங்கியபின் செய்தால் காலம் கடந்துவிடும். பாயிலருக்குள் தண்ணீரைச் செலுத்தினால் அழுத்தம் இறங்கும். செலுத்தாவிட்டால் மட்டம் தாழ்ந்து நெருப்பறைக் கூரையிலுள்ள ஈய அடைப்பு உருகும். இவ்விரண்டுக்கும் நடுவே, ரெகுலேட்டரைப் பிடித்திருக்கும் டிரைவரின் மனமறிந்து நடக்க வேண்டும். குளிர்ந்த இரும்பிலிருந்து இதை எப்படிக் கற்பது? நல்ல சிமுலேட்டர் கற்றுத்தரும்.

நல்ல என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தேன். டில்லியிலும் சிமுலேட்டர்கள் உண்டு. தனிக் கட்டணம் செலுத்தி உட்காரலாம். விசிலை இரண்டுமுறை அடித்துவிட்டு இறங்குவதோடு முடிகிற எந்தக் கருவியையும் ராட்டினம் என்று திட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். ஜப்பானின் சைதாமாவில் 2007இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் டி51 நீராவி எஞ்சினுக்கு ஒரு சிமுலேட்டர் வைத்தார்கள். அதில் ஓடுவது ஏதோ ஒரு கற்பனைத் தடமல்ல. காமாயிஷி என்ற மலைப்பாதை. குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட ஏற்றம்.

புதுச்சேரிக்கு அப்படியொரு பாதை இருந்தது. 1879இல் திறந்த விழுப்புரம்–புதுச்சேரி மீட்டர் பாதை, ஏறத்தாழ 38 கிலோமீட்டர். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர். வண்டியை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியாவின் தென்னிந்திய ரயில்வே. வந்து சேர்ந்ததோ பிரெஞ்சு மண். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறும்வரை ஒரு டிரைவர் தம் அன்றாட வேலையின் நடுவே ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்குள் எஞ்சினை நடத்திச் சென்றார். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பாதை அகலமாயிற்று. மீட்டர் தண்டவாளம் போயே போயிற்று. நம் அருங்காட்சியகத்தில், துரைமார் ஏறிச்சென்ற பூஸ்பூஸ் வண்டி இருக்கிறது. தள்ளியவனைப் பற்றி யாருக்குக் கவலை?

நாட்டின் மீட்டர் பாதைகளில் நீராவி எஞ்சின்களின் அன்றாட ஓட்டம் 1990களோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதில் கைபழகியவர்களுள் இளையவர்கூட இன்று அறுபதை நெருங்கியிருப்பார் அல்லது கடந்திருப்பார். ஏட்டுச்சுவடிகள் செல்லரித்துப் போனதற்கு மேடைதோறும் கண்ணீர் விடுகிற தமிழாசிரியர் கூட்டம் (நானும் அதில் ஒருவன்தான்) இவர்கள் ஒவ்வொருவராக மறைவதைச் செய்தியாகக்கூடக் கருதுவதில்லை.

செலவு என்பார்கள். 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ரயில் சிமுலேட்டரில் ஆறு பாதைகள் இருந்தன, இந்தியப் பாதை ஒன்றுகூட இல்லை. நம் ஊர் ஆர்வலர்கள் யாரையும் கேட்காமல் தாங்களே இந்தியப் பாதைகளையும் எஞ்சின்களையும் உருவாக்கிச் சேர்த்தார்கள். அவற்றை இயக்கக்கூடிய ஓப்பன் ரெயில்ஸ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ஓய்வுபெற்ற டிரைவர்களையும் ஃபயர்மேன்களையும் தேடிப்பிடித்து உட்காரவைத்து, வளவனூர் தாண்டியதும் கை எங்கே போகும், வில்லியனூருக்கு எவ்வளவு முன்னால் ரெகுலேட்டரை மூடுவார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்ய ஆள் வேண்டும். கருவியில் டிரைவருக்கு ஓர் இடம், ஃபயர்மேனுக்கு ஓர் இடம். கட்டளைகள் தமிழில், அவர்கள் பேசிய தமிழில். திறப்புவிழாவுக்கு அமைச்சரை அழைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஓட்டத்தில் கரி வீச அந்த ஃபயர்மேன்களில் ஒருவரை அழையுங்கள்.