மில்லுக்குப் போன தாத்தாவுக்கு ஓய்வு எப்போது?

புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒரு தாத்தா இருப்பார். வெயில் தாழ்ந்ததும் வாசற்படியில் வந்து உட்காருவார். யாராவது மணி கேட்டால், "மில் இருந்திருந்தா இந்நேரம் சங்கு ஊதியிருக்கும்" என்பார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் அந்தச் சங்கைக் கேட்டதே இல்லை.

இந்தத் தாத்தாக்களின் கதை ஏறக்குறைய ஒரே கதைதான். செங்கல்பட்டு, வட ஆற்காடு பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்திருப்பார்கள். ஏரியை நம்பிய விவசாயம். மழை பொய்த்தால் வீட்டில் அடுப்பு எரியாது. நாலு வகுப்பு, ஐந்து வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதன்பின் மாடு மேய்ப்பதும் களை எடுப்பதும்தான். ஏற்கெனவே மில்லில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்து, "பட்டணத்துக்கு வாடா, சேர்த்து விடுறேன்" என்று கூட்டிக்கொண்டு வந்திருப்பார்.

அவர்கள் வந்து சேர்ந்த இடம் சாதாரண இடமல்ல. பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் 1920-ஆம் ஆண்டு ஒன்றாக இணைந்தன. மக்கள் வாயில் அது 'பி அண்ட் சி மில்'. காக்கித் துணிக்கும் சீருடைத் துணிக்கும் பேர் போனது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று இந்தத் தொழிலாளர்களுக்காகப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி.வாடியா தலைமை ஏற்க, செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதற்கு அடித்தளம் அமைத்தார்கள். துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்த திரு.வி.க. தோள் கொடுத்தார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போதிய நேரம் வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. நிதானமாக உட்கார்ந்து சோறு உண்ணக்கூடப் போராட வேண்டியிருந்தது! 1921-இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் பார்த்தது.

அப்படி வாங்கிய உரிமைகளின் நிழலில்தான் பின்னால் வந்தவர்கள் வேலை பார்த்தார்கள். 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. 1972-இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. மில் வேலை என்றால் பெண் கொடுப்பார்கள் என்ற காலம் அது. கிராமத்திலிருந்து வந்த பையன் நகரத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டான் என்றே சொல்லலாம். 'உடம்பில் தெம்பு இருக்கும்வரை நான் உழைக்கிறேன், தெம்பு போனபின் நீ என்னைப் பார்த்துக்கொள்.' இதுதான் அந்த ஒப்பந்தம்.

அவன் தன் பங்கைச் செய்தான். நகரம் தன் பங்கைச் செய்ததா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1950-இல் பிறந்து 1970-இல் மில்லில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1996-ஆம் ஆண்டு மில் மூடப்பட்டபோது அவருக்கு வயது 46. மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து அனுப்பி வைக்கும் பணி ஓய்வு அல்ல அது. இன்னொரு மில்லில் சேர வயது கடந்துவிட்டது. வீட்டில் இருந்துவிடவும் வயது வரவில்லை. வந்த பி.எஃப். பணம் மகள் கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் போகும். பிறகு வாட்ச்மேன் வேலை, மூட்டை தூக்கும் வேலை, பெட்டிக்கடை என்று ஏதாவது ஒன்று. 58 வயது ஆகி முழு ஓய்வூதியம் தொடங்க அவர் 2008 வரை காத்திருக்க வேண்டும்.

அந்த ஓய்வூதியமாவது போதுமானதா? தனியார் துறைத் தொழிலாளர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் 1995-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மில் மூடப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டே. ஆகவே புதிய கணக்கில் சேரும் பணிக்காலம் மிகச் சொற்பம். அதற்கு முந்தைய இருபத்தைந்து வருட உழைப்புக்கு, வாங்கிய சம்பளத்தின் விகிதப்படி அல்லாமல், அட்டவணைப்படி ஒரு சிறு தொகைதான் கணக்கிடப்படும். இப்படிப்பட்டவர்களின் ஓய்வூதியம் சில நூறு ரூபாய்களில் நின்றதால்தான், 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. பத்து ஆண்டுகள் கழித்து 2024-ஆம் ஆண்டிலும் அதே ஆயிரம்தான். இதற்கிடையில் அரிசி விலை அப்படியே நின்றதா? மாத்திரை விலை நின்றதா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழக அரசு ஆதரவற்ற முதியோருக்குத் தரும் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது மிகச் சரியான செயல். இன்னும் உயர வேண்டும். ஆனால் கால் நூற்றாண்டு தறியோடு நின்று பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவருக்கு உறுதி செய்யப்பட்ட தொகை அதைவிடக் குறைவு என்றால், உழைப்புக்கு என்ன மரியாதை?

"நிதியில் பணம் இல்லை, கேட்டதை எல்லாம் கொடுத்தால் திட்டமே கவிழ்ந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நாளை ஓய்வு பெறப் போகிறவர்களின் பணமும் அந்த நிதியில்தான் இருக்கிறது. "தொழிலாளி தன் கையிலிருந்து இதற்குப் பணம் கட்டவில்லையே, முதலாளி பங்கிலிருந்துதானே 8.33 சதவீதம் போகிறது?" என்றும் கேட்பார்கள். அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது? அவர் நெய்த துணியிலிருந்துதானே? இன்று கொடுக்காமல் நாளைக்கு என்று ஒதுக்கி வைத்த கூலிதான் அது. ஓய்வூதியம் என்பது பிச்சையோ கருணையோ அல்ல என்று, அரசு ஊழியர் தொடர்பான நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்றே சொல்லிவிட்டது. அரசு ஊழியரின் ஓய்வூதியம் அகவிலைப்படியோடு ஏறுகிறது. மில் தொழிலாளியின் தொகை மட்டும் ஏன் ஏறாமல் நிற்க வேண்டும்? இருவரும் ஒரே கடையில்தான் பருப்பு வாங்குகிறார்கள். முழுச் செலவையும் நிதியின் தலையில் கட்ட வேண்டியதில்லை. குறைந்தபட்சத் தொகையை விலைவாசியோடு இணைத்துவிட்டு, குறைகிற பணத்தை அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து கொடுக்கலாம். ஆதரவற்றோருக்குக் கொடுக்க முடிகிற அரசால் உழைத்தவருக்கும் கொடுக்க முடியும்.

இது போன தலைமுறையின் பிரச்சினை என்று இளைஞர்கள் நினைத்துவிட வேண்டாம். அதே புளியந்தோப்பிலிருந்து இன்று பைக்கில் உணவுப் பை மாட்டிக்கொண்டு போகும் பையனுக்கு, தாத்தாவுக்குக் கிடைத்த பி.எஃப். கூட இல்லை. தாத்தா சங்குக்குக் கட்டுப்பட்டார், பேரன் செல்போன் மணிக்குக் கட்டுப்படுகிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

மில் இருந்த நிலத்தில் சினிமா செட்டுகள் போட்டார்கள், அடுக்குமாடிகளும் எழுந்தன. நிலத்தின் மதிப்பு ஏறியது. அந்த நிலத்தில் நின்று உழைத்தவர்களின் மதிப்புதான் ஆயிரத்தில் நின்றது. அவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களுக்கும் காத்திருக்க அதிக வருடங்கள் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா இருந்தால், இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் தொகை, ஐம்பது வருடங்களுக்கு முன் கிராமத்திலிருந்து புறப்பட்ட ஒரு பையனுக்கு இந்த நகரம் சொன்ன பதில்.