நாய்க்குட்டியின் சாப்பாட்டை நிரப்புவது யார்?

எமது சமூகத்தில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் கூடிக்கொண்டு வருகின்றன. பிள்ளைகள் கேட்டு அழுவார்கள். நாமும் இரண்டு வருடம் மறுத்துவிட்டு ஒருநாள் இணங்கிவிடுவோம். குட்டி வீட்டுக்கு வந்த அடுத்த கிழமையே பிரச்சினை தொடங்கும். தகப்பனும் தாயும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். குட்டியோ கதிரைக் காலைக் கடிக்கும், சப்பாத்தைக் கிழிக்கும், அயலவர் முறைப்பாடு செய்யும்வரை குரைக்கும். சில மாதங்களில் "இதை யாருக்காவது குடுத்துவிடலாம்" என்ற பேச்சும் வந்துவிடும்.

இதற்கு மிருக வைத்தியர்களும் பயிற்சியாளர்களும் பரவலாகச் சொல்லும் வழி ஒன்று உண்டு. குட்டியின் சாப்பாட்டைக் கோப்பையில் போடாமல், நடுவில் குழியுள்ள இறப்பர் விளையாட்டுப் பொருளுக்குள் நிரப்பிக் கொடுப்பதுதான் அது. நல்ல வழிதான். ஆனால் அதைப் பற்றி எமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பகலில் அதை நிரப்பும் கைகளோ தமிழ்க் கைகள். இந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பொருளைப் பற்றி. இவற்றில் மிகவும் பிரபலமான 'கொங்' 1970களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிறந்தது. ஜோ மார்க்கம் என்பவரின் நாய் பிரிட்ஸ் கல்லுகளைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் பழைய வோக்ஸ்வாகன் வாகனம் ஒன்றைத் திருத்தும்போது கழற்றிப் போட்ட இறப்பர்த் துண்டு ஒன்றை அது விடாமல் கடித்தது. அந்த வடிவமே பின்னர் விளையாட்டுப் பொருளானது. நாய்க்குட்டியின் முழுத் தீனையும் இப்படிக் கொடுக்கலாம் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்தவர்களில் ஒருவர் மிருக வைத்தியரும் பயிற்சியாளருமான இயன் டன்பார்.

"ஊரிலே மிச்சச் சோற்றைச் சட்டியில் போட்டோம், நாய் வளரவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஊர் நாய்க்கு வளவு இருந்தது. வேலி இருந்தது, துரத்தக் காகம் இருந்தது, நாள் முழுக்க வீட்டில் ஆள் இருந்தது. இங்கே ஸ்காபரோவின் தை மாதக் குளிரில் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் குட்டிக்கு ஒரு வேலையும் இல்லை. கோப்பையில் போட்டால் இரண்டு நிமிடத்தில் விழுங்கிவிட்டு மீதி நாளைக் கதவைப் பார்த்தபடி கழிக்கும். அதே சாப்பாட்டை இறப்பருக்குள் அடைத்துக் கொடுத்தால் நக்கியும் உருட்டியும் கடித்தும் எடுக்க அரை மணி நேரம் செல்லும். களைத்துப் படுத்துவிடும். முரசுக்கும் அது நல்லது. குட்டிக்கு 28 பாற்பற்கள். மூன்று, நான்கு மாதமளவில் அவை விழத் தொடங்கி, ஏழு மாதமளவில் 42 பற்கள் நிலைத்துவிடும். அந்தக் காலத்தில் அது எதையாவது கடித்தே ஆகும். எதைக் கடிப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இனி எமது வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடந்த ஆண்டு தைப்பொங்கலன்று எங்கள் குட்டிக்கு மூன்றரை மாதம். நாங்கள் எல்லோரும் வெளியே. வீட்டில் எனது தாயார் மட்டும். காலையில் நான் நிரப்பி வைத்ததைக் குட்டி முடித்துவிட்டு அவரின் காலைச் சுற்றி வந்திருக்கிறது. பாவம் என்று நினைத்து, அடுப்பில் மீந்திருந்த சர்க்கரைப் பொங்கலை அந்த இறப்பருக்குள் அடைத்துக் கொடுத்திருக்கிறார். "நல்லா ஒட்டிக்கொண்டு நிண்டுது, கனநேரம் சத்தம் போடாமல் இருந்தது" என்று பாடசாலையால் வந்த மகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பொங்கலில் முந்திரிகை வற்றல் இருந்தது மகளுக்குத் தெரியும். உடனே எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

அவசர மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். வாந்தி எடுக்க வைத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், சிறுநீரகம் பழுதடைகிறதா என்று இரண்டு நாள் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நேரத்தோடு போனதால் குட்டி தப்பியது. திரும்பி வந்த இரவு தாயார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உதை ஏன் பிள்ளை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

என்னிடம் பதில் இல்லை. கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியல் குளிர்சாதனப்பெட்டிக் கதவில்தான் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில். அவர் தினமும் அதைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தார். பிழை அவருடையது அல்ல, என்னுடையது.

ஆங்கிலப் பட்டியல்களில் இன்னொரு குறையும் உண்டு. அவை எமது சமையலை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. முந்திரிகைப் பழமும் வற்றலும் நாய்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது பல காலமாகத் தெரியும். காரணம் அவற்றிலுள்ள தாத்தாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மிருக வைத்தியர்கள் 2021 இல் எழுதினார்கள். 2022 இல் வெளியான அவர்களின் கட்டுரை, புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை விவரித்தது. புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. அப்படியானால் ரசச் சோறும் புளிக்குழம்பும் குட்டிக்கு ஆகாது. பொதுவான ஆங்கிலத் துண்டுப்பிரசுரங்களில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

இப்போது எங்கள் கதவில் தமிழில் ஒட்டியிருப்பது இதுதான். வெட்டி எடுத்து நீங்களும் ஒட்டலாம்.

நிரப்பலாம்: குட்டியின் வழமையான உலர் தீனை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்தது. அதுவே பெரும்பகுதியாக இருக்க வேண்டும். சுவைக்குச் சிறிதளவு உப்பு, தூள் போடாத வெறும் சோறு, எலும்பில்லாத அவித்த கோழி, அவித்த கரட் அல்லது பூசணி, சீனி போடாத யோகட் ஒரு தேக்கரண்டி.

நிரப்பவே கூடாது: முந்திரிகைப் பழம், முந்திரிகை வற்றல், புளி சேர்ந்த எதுவும், வெங்காயமும் உள்ளியும் (இவை சிவப்பு இரத்த அணுக்களை அழிக்கும்), கறி பிசைந்த சோறு, சொக்லேட், மக்கடேமியா கொட்டை, வெந்த எலும்பு, மீன் முள்.

கச்சான் பட்டர்: போத்தலில் 'சைலிட்டோல்' அல்லது 'பேர்ச் சுகர்' என்று இருந்தால் தொடவும் வேண்டாம். நீரிழிவுக்காக வாங்கும் சீனியில்லாத பண்டங்களிலும் சூயிங்கத்திலும் இது இருக்கலாம். நாய்க்கு அரை மணி நேரத்திலேயே இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும், ஈரலும் பாதிக்கப்படலாம்.

நிரப்பும் முறைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. குட்டிகளுக்கென்று விற்கும் மென்மையான இறப்பரையே வாங்குங்கள். வாய்க்குள் முழுதாகப் போகாத அளவாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் துவாரம் உள்ளதே நல்லது. ஒரு துவாரம் மட்டும் இருந்தால் காற்று இழுத்து நாக்கு மாட்டிக்கொள்ளலாம். முதல் சில நாட்கள் உலர் தீனைத் தளர்வாகப் போடுங்கள், உருட்டினால் கொட்ட வேண்டும். பழகிய பிறகு ஊற வைத்ததை அடையுங்கள். அதன் பிறகுதான் பிறீசரில் வைத்து இறுக்கிக் கொடுப்பது. ஆரம்பத்திலேயே கடினமாக்கினால் குட்டி வெறுத்து விட்டுவிடும். உள்ளே போகும் ஒவ்வொரு கரண்டியும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கழிய வேண்டும், இல்லாவிட்டால் குட்டி கொழுத்துவிடும். ஒவ்வொரு முறையும் சுடுதண்ணீரில் போத்தல் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். இறப்பர் கிழிந்தால் எறிந்துவிடுங்கள்.

தவறுதலாக ஏதும் தின்றுவிட்டால் வருத்தம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மிருக வைத்தியருக்கு அழையுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், அந்த உப்பே குட்டியைக் கொல்லலாம். வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இறப்பர்ப் பொருள் ஆளின் துணைக்கு ஈடாகாது என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று மாதக் குட்டியைப் பூட்டிவிட்டு எட்டு மணி நேர வேலைக்குப் போய்விட்டு, உள்ளே சாப்பாடு இருக்கிறதுதானே என்று சமாதானம் சொல்ல முடியாது. வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருப்பது அந்தக் குட்டியின் அதிர்ஷ்டம். அவர்களை இந்தக் காரியத்தில் ஒதுக்கி வைக்காமல், விளங்கும் மொழியில் பொறுப்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

இப்போது எங்கள் வீட்டில் இரவில் நிரப்பிப் பிறீசரில் வைப்பது தாயார்தான். தீனை அவரே அளக்கிறார். சென்ற கிழமை விருந்துக்கு வந்த ஒருவர் வடைத் துண்டொன்றைக் குட்டிக்கு நீட்டியபோது, சமையலறையிலிருந்து அவரின் குரல்தான் முதலில் வந்தது: "தம்பி, உதிலை வெங்காயம் கிடக்கு, குடாதேங்கோ!"