தோண்டுமுன் ஒரு வார்த்தை

கடந்த மாரிக்கு முன்னர், நாம் பணிபுரியும் கிராமமொன்றில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகப் பெக்கோ இயந்திரமொன்று வீதியோரத்தில் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தது. காலை பத்து மணியளவில் அதன் வாளியில் மண்ணோடு விரற்பருமனான கறுப்பு வடமொன்றும் மேலே வந்தது. இயக்குநர் அதைப் பழைய குழாயென்று எண்ணி ஓரமாகப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்நேரமே பால் சேகரிப்பு நிலையத்தின் தொலைபேசி ஊமையாயிற்று. கிராமிய வங்கியின் கணினி நின்றது. சரி, கைத்தொலைபேசி இருக்கிறதே என்று பார்த்தால் அதிலும் சத்தமில்லை. ஊரிலுள்ள கோபுரமும் அதே வடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தோம். குளக்கட்டில் ஏறி நின்றால் மாத்திரம் தூரத்துக் கோபுரமொன்றின் தொடர்பு கிடைத்தது. மரக்கறி விலை கேட்பதற்காக விவசாயிகள் அங்கே வரிசையாக நின்ற காட்சியைக் கண்டு முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. அன்று பாற்பணம் கொடுக்கும் நாள். வங்கி இயங்க இரண்டரை நாள் சென்றது. பிள்ளையின் வகுப்புக் கட்டணத்துக்காக அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்த தாயொருவர் தனது தோட்டைத் தனியாரிடம் அடகு வைத்தார். தோடு மீண்டுவிட்டது. கொடுத்த வட்டியை எவரிடம் கேட்பது?

பழைய செப்புக் கம்பி அறுந்தால் முறுக்கிக் கட்டியாவது ஒருவாறு சமாளிக்கலாம். இப்போது பதிக்கப்படுவதோ கண்ணாடி இழை. ஓர் இழையின் பருமன் 125 மைக்ரோமீற்றர், ஏறக்குறைய ஒரு தலைமயிர் அளவு. அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, முனைகளைத் துப்புரவாக்கி, இழை இழையாகச் சூட்டினால் உருக்கி ஒட்டவேண்டும். புழுதியும் மழையும் இதற்கு எதிரிகள். இழுபட்ட வடமென்றால் புதிய துண்டொன்றை இடையில் வைத்து இரு முனைகளிலும் ஒட்டவேண்டும். இந்த வேலைக்குரிய கருவியோடு பயிற்சி பெற்றவர் வந்து சேரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதுதான்.

இயக்குநரைப் பலரும் ஏசினார்கள். எமக்கு அதில் உடன்பாடில்லை. நாட்கூலிக்கு வந்த அந்த மனிதரின் கையில் எந்த வரைபடமும் கொடுக்கப்படவில்லை. நீர், மின்சாரம், தொலைபேசி, வீதி என ஒவ்வொரு தரப்பும் அதே ஆறடி ஓரத்தைத் தனக்கே உரியதென எண்ணித் தோண்டுகின்றது. ஒன்றின் வரைபடம் மற்றதன் மேசைக்குப் போவதில்லை. 2011 மார்ச் 28 இல் ஜோர்ஜியா நாட்டில் பழைய செம்பு தேடி மண்ணைக் கிளறிய 75 வயது மூதாட்டியொருவரின் மண்வெட்டி ஒரு வடத்தை அறுத்தபோது, அயல்நாடான ஆர்மீனியாவின் பெரும்பகுதி சுமார் ஐந்து மணித்தியாலம் இணையமின்றி இருந்தது. உலகமே அந்த மூதாட்டியைப் பற்றிப் பேசியது. ஒரு நாட்டின் தொடர்பை ஒரு மண்வெட்டிக்கு எட்டும்படி வைத்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

வழியில்லாமலில்லை. அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே இலக்கத்துக்கு அழைத்தால், வேலை தொடங்குமுன் நிலத்தடியில் என்ன இருக்கிறதென்று இலவசமாக அடையாளமிடுகிறார்கள்; தொலைத்தொடர்புக்குச் செம்மஞ்சள், குடிநீருக்கு நீலம். இந்தியாவில் இத்தகைய தோண்டல்களால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3000 கோடி ரூபா நட்டமென அரசே கணக்கிட்டு, 2023 மார்ச் 22 இல் இதற்கென ஒரு கைத்தொலைபேசிச் செயலியை ஆரம்பித்தது. எமது கிராமத்துக்குச் செயலிகூட வேண்டியதில்லை. வேலை தொடங்குமுன் ஒப்பந்தக்காரர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு அரை மணி நேரம் அந்த வழியே நடந்தால் போதும். வடம் பதித்தபோது கூலிக்கு வெட்டியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி, அது நடந்ததாகச் சங்கம் கையொப்பமிடாமல் முதற் கொடுப்பனவு விடுவிக்கப்படக்கூடாது என்பது எமது கருத்து.

அதுவரை சிறு வியாபாரிகளும் சங்கங்களும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டோமென்று நிம்மதியடைய வேண்டாம்; இரண்டும் ஒரே கிடங்கில் கிடந்தால் ஒரே வாளியில் இரண்டும் மேலே வரும். எந்த வழியாக வருகிறது, கோபுரத்துக்கு எது போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வலித்துக் கேட்டால்தான் சொல்வார்கள். உறுப்பினர் கணக்கு மீதிகளை வாரந்தோறும் தாளில் அச்சிட்டு வைத்திருந்தால், பாற்பணத்தில் ஒரு பகுதியையாவது பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் எழிதாக எழுதிக் கொடுத்திருக்கலாம். எமது நிலையத்தில் கணினி வந்த அன்றே பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டோம். இந்தத் தவறு எம்முடையது. தொடர்பு அறுந்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்து வைக்கவும் அன்று எவருக்கும் தோன்றவில்லை. பின்னர் நட்டம் பற்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது எமது கையில் ஒன்றுமிருக்கவில்லை.

இரண்டு மாதங்களின் பின்னர் வீதியின் மறுபுறத்தில் மின்கம்பம் நடுவதற்கு ஆட்கள் வந்தார்கள். இம்முறையும் எவரும் எவரையும் கேட்கவில்லை. முன்னர் வடக்கிடங்கு வெட்டிய முதியவர் ஒருவர் மாத்திரம் விடியவே எழுந்து, தனக்கு நினைவிருந்த வழியெங்கும் பூவரசந் தடிகளை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு மதகில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் தடிகளைப் பார்த்துவிட்டு, இரண்டு முழம் தள்ளிக் குழி வெட்டினார்கள்.